முதலில் சப்பாத்து, அப்புறம் மாப்பிள்ளை

“…இவர் இல்லையாம்! மூணாவது வரிசையில சிரப் குடிச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்காரே, அவராம்! பிள்ளை சொல்லுது, மாப்பிள்ளை அவராம்! ஹலோ பாஸ், கொஞ்சம் எந்திரிங்க லா!”

கிள்ளானில் ஒரு கல்யாண மண்டபம். காலை முகூர்த்தம். இதைச் சொன்னவர் மணப்பெண்ணின் பெரியப்பா ரத்தினம், மேருவில் லோரி கம்பெனி நடத்துகிறவர். விருந்தினர்களை வரவேற்றுப் பேசிக்கொண்டிருந்தவர், கையில் மைக் இருந்ததை மறந்து சொல்லிவிட்டார். மண்டபத்தின் நான்கு ஒலிபெருக்கிகளிலும் அது கேட்டது.

மூன்றாவது வரிசையில் சிரப், அதாவது ரோஜாச் சர்பத், குடித்துக்கொண்டிருந்த ஆள் நான்தான். அப்போது எனக்கு ஐம்பத்தெட்டு வயது. முன்பக்கம் வழுக்கை, அதற்குக் கீழே தொந்தி. பக்கத்தில் என் மனைவி சாந்தி. அவள் கத்தவில்லை, கிள்ளவில்லை. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்:

“ஏங்க, நான் இப்ப பொண்ணு வீட்டுப் பக்கம் போய் உட்காரணுமா, மாப்பிள்ளை வீட்டுப் பக்கமா?”

இந்தக் கதையை நான் எத்தனையோ பேரிடம் வாயால் சொல்லியிருக்கிறேன். எழுதச் சொன்னது துர்கா. நான் வேலை பார்த்த நிலையத்தில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் குடும்பங்களுக்குத் துணை நிற்கும் சின்ன நிலையம் அது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடி. போன மாதம் போயிருந்தேன். துர்கா கையில் ஒரு தட்டைக் கணினி. அதில் படத்தைத் தொட்டால் படம் மாறுகிறது, தேய்த்தால் மறைகிறது. “பாத்தீங்களா அங்கிள், அஞ்சு செகண்ட்ல மாத்திடலாம். உங்க காலத்துல எப்படிச் செஞ்சீங்க?” என்று கேட்டாள். எங்கள் காலத்தில் எல்லாவற்றையும் லேமினேட் செய்தோம் என்றேன். லேமினேட் செய்துவிட்டால் பிறகு கடவுளே வந்தாலும் ஒரு எழுத்தை மாற்ற முடியாது. அந்த வகையில் கல்யாணமும் லேமினேட்டும் ஒன்றுதான் என்றேன். அவள் சிரித்துவிட்டு, எழுதிக் கொடுத்தால்தான் டீ என்றாள்.

நான் படித்து இந்த வேலைக்கு வந்தவன் இல்லை. மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, புத்தகத்தை மூடியவன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு போட்டோஸ்டாட் கடையில் இருபது வருடம் நின்றேன். அங்கே வாராவாரம் ஒரு அம்மா வருவார். வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, பள்ளிக்கூடத் தலைமையாசிரியரின் நடை. அவர் லேமினேட் செய்யக் கொண்டுவரும் படங்கள் விநோதமாக இருக்கும். ஒரு பல்துலக்கி. ஒரு ஜோடிக் காலுறை. ஒரு கழிவறை. ஒரு வாரம் வாழைப்பழம் மட்டும் மூன்று: தோலோடு, பாதித் தோலோடு, தோலில்லாமல்.

பொறுக்க முடியாமல் ஒருநாள், “மிஸ், இதெல்லாம் யாருக்கு?” என்று கேட்டேன்.

“வாயாலே சொன்னா விளங்காத ஆக்களுக்கு” என்றார். பிறகு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, “உம்மைப் போல” என்றார்.

அவர்தான் மிஸ் தவமணி. யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஓய்வு பெற்ற ஆசிரியை, நிலையத்தை நடத்தியவர். அடுத்த வாரம் பூனை கடித்து வெட்டியது போல என் லேமினேட் ஓரங்கள் இருப்பதாகக் குறைப்பட்டுக்கொண்டு, நீரே வந்து எங்கட இடத்தில் ஒழுங்காகச் செய்யும் என்றார். வெட்டப் போனவன் பதினேழு வருடம் வெளியே வரவில்லை. பயிற்சி என்று சொல்ல, நான்கு சனிக்கிழமை ஆங்கிலத்தில் ஒரு வகுப்பு. பாதி புரிந்தது. மீதியைப் பிள்ளைகள் சொல்லிக் கொடுத்தார்கள், அதுவும் பேசாமல்.

அம்மா அப்பாக்கள் பேசினார்கள். அதுதான் எனக்குச் சம்பளத்தைவிடப் பெரிதாக இருந்தது. அவர்கள் சொன்னதையெல்லாம் சின்ன நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொள்வேன். செந்தூலில் ஒரு அம்மா: “என் மவனுக்குப் பேச வராது. ஆனா வீட்டுல எல்லாரும் அவன் பேச்சதான் கேக்கறோம்.” ஒரு டாக்சிக்கார அப்பா: “டாக்டர் சொன்ன பேரு என் வாயில நுழையல. என் பேரு பிள்ளை வாயில நுழையல. சரிக்குச் சரி.” படித்து வந்தவர்கள் நாற்பது பக்கத்தில் எழுதும் அறிக்கையை இந்த மாதிரி ஒரே மூச்சில் சொல்லிவிடும் ஆட்கள் நம் ஆட்கள்.

வேலை முறைகளை மிஸ் வகுத்திருந்தார். ஒரு வீட்டுக்கு முதல் தடவை போனால் தரையில் உட்கார வேண்டும். பிள்ளை நம்மிடம் வரும்வரை நாம் பிள்ளையிடம் போகக் கூடாது. கொடுப்பதைக் குடிக்க வேண்டும். மூன்று வீடு போனால் மூன்று மிலோ. பிள்ளையிடம் “செய்யாதே” என்று சொல்லக் கூடாது, எதைச் செய்ய வேண்டுமோ அதைக் காட்ட வேண்டும். பெற்றோரிடம் முதல் கேள்வி, பிள்ளைக்கு என்ன வராது என்று இருக்கக் கூடாது. “பிள்ளைக்கு என்ன பிடிக்கும்?” அவ்வளவுதான். இதற்குப் பல பேர் உடனே பதில் சொன்னதில்லை. அவர்களிடம் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

இந்த முறைகளை மிஸ் எந்த அளவுக்குக் காப்பாற்றுவார் என்பதற்கு டெங்கில் என்ற ஊரில் நாங்கள் போன ஒரு வீடே போதும். அங்கே ஆறு வயதுப் பையன். வீட்டில் உள்ள எல்லாவற்றையும் உயர வாரியாக அடுக்குவான். நாங்கள் போய்ப் பத்து நிமிடம் இருக்கும். பையன் என் கையைப் பிடித்து எழுப்பினான். அழைத்துப் போய் குளிர்பெட்டிக்கும் சமையல் கேஸ் தோம்புக்கும் நடுவில் நிறுத்தினான். தள்ளி நின்று பார்த்தான். திருப்தி. அடுத்து மிஸ்ஸை இன்னொரு வரிசைக்குக் கூட்டிப் போய் துடைப்பத்துக்கும் அரிசி வாளிக்கும் நடுவில் நிறுத்தினான்.

அந்த அம்மாவுக்கு உயிரே போய்விட்டது. “ஐயோ மிஸ், மன்னிச்சிருங்க, வந்து உட்காருங்க…”

“இல்லைப் பிள்ளை, இஞ்சதான் எனக்கு இடம் தந்திருக்கிறார்” என்றார் மிஸ். குடையும் கைப்பையுமாக இருபது நிமிடம் அரிசி வாளிக்குப் பக்கத்தில் நின்றபடி எல்லாக் கேள்விகளையும் கேட்டு முடித்தார். நான் தோம்புப் பக்கம் நின்று எழுதிக்கொண்டேன். வெளியே வந்ததும், “துடைப்பத்தைவிட நான் கட்டை எண்டு இண்டைக்குத்தான் தெரிஞ்சது” என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை.

இனி தர்ஷினிக்கு வருகிறேன்.

தர்ஷினிக்கு அப்போது பதினொரு வயது. சில சொற்கள்தான் பேசுவாள். பேசினால் தேவைக்கு மேல் ஒன்றும் இருக்காது. அப்பா இல்லை. அம்மா விமலா, அக்கா நிஷா. குடும்பத்தில் எல்லாம் பெரியப்பா ரத்தினம் சொல்வதுதான். நிஷாவின் கல்யாணத்தை நடத்துவதும் அவர்தான்.

விமலா நிலையத்துக்கு வந்து உட்கார்ந்ததும் அழவில்லை. கல்யாணப் பத்திரிகையை மேசையில் வைத்தார். “மிஸ், சின்னவள மேல இருக்கிற டிரெஸ்ஸிங் ரூம்ல டிவி போட்டு உட்கார வைக்கணும்னு அவங்க பெரியப்பா சொல்லிட்டாரு. அக்கா கழுத்துல தாலி ஏறுறப்போ தங்கச்சி மாடியில கார்ட்டூன் பாத்துக்கிட்டு இருப்பா. நான் எந்தக் கையால அரிசி போடுறது?”

மூன்று வருடத்துக்கு முன் ரத்தினத்தின் மகன் கல்யாணத்தில் நடந்ததையும் சொன்னார். தர்ஷினியின் காதுக்கருகில் உறுமி மேளம் சட்டென்று ஆரம்பித்துவிட்டது. பிள்ளை அலறிக்கொண்டு ஓடினாள். ஓடியபோது மேசைத் துணியைப் பிடித்தாள். துணியோடு மூன்றடுக்குக் கேக் வந்தது. யாரோ அதைப் படம் பிடித்து, குடும்பத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். சிரிக்கும் பொம்மை முகங்கள் முப்பது நாற்பது. அன்றைக்கு நின்றதுதான். அதற்குப் பிறகு விமலா எந்த விசேஷத்துக்கும் போகவில்லை.

நானும் மிஸ்ஸும் மேருவுக்குப் போனோம். ரத்தினம் பெரிய உருவம். ஒரு டிரைவரைத் திட்டிக்கொண்டே எங்களுக்கு நாற்காலி காட்டினார். எங்களுக்கு மிலோ சொல்லிவிட்டு மறுபடி திட்டினார். மிஸ் காத்திருந்து, வழக்கமான கேள்வியைக் கேட்டார். தர்ஷினிக்கு என்ன பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா?

“எனக்கு எப்படித் தெரியும்?” என்றார் அவர். பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டு, “இங்க வந்தா லோரி டயர எண்ணுவா. என் கிளார்க்கு தப்பா எண்ணியிருக்கான். அவ தப்பா எண்ணினதில்ல” என்றார்.

“பிறகேன் ரூமுக்குள்ளே வைக்கச் சொல்லுறியள்?”

“டீச்சர், அன்னிக்கு அவள போன்ல புடிச்சி சிரிச்சானுங்க. நான் பாத்துக்கிட்டு நின்னேன். அந்தப் போன புடுங்கி உடைச்சிருக்கணும். உடைக்கல. இன்னொரு வாட்டி என்னால பாத்துக்கிட்டு நிக்க முடியாது. அவ்வளவுதான்.” பிறகு குரலைக் கடுமையாக்கிக்கொண்டார். “சரி, கூட்டிட்டு வாங்க. ஆனா ஒண்ணு. மேடையில ஏதாச்சும் கலாட்டான்னா அந்த நிமிஷமே மேல ரூமு. நீங்க பேசக் கூடாது, விமலா பேசக் கூடாது.”

மிஸ் தலையாட்டினார். எங்களிடம் ஆறு வாரம் இருந்தது.

ஒத்திகை என்பது எங்கள் நிலையத்தின் பெரிய வேலை. பல் மருத்துவரிடம் போக ஒத்திகை, முடி வெட்ட ஒத்திகை, பஸ் ஏற ஒத்திகை. முழுக் கல்யாணத்துக்கு ஒத்திகை அதுவே முதல் தடவை. முறை இதுதான். நடக்கப் போவதைப் படிகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் ஒரு படம் எடுத்து அட்டையாக்கி, நீளமான பட்டையில் வரிசையாக ஒட்ட வேண்டும். ஒரு படி நடந்து முடிந்ததும் பிள்ளையே அந்த அட்டையைப் பிய்த்து “முடிஞ்சது” என்று எழுதிய பையில் போட வேண்டும். அடுத்தது என்ன என்று தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். நமக்கும் அப்படித்தானே!

தர்ஷினிக்கு எட்டு அட்டைகள். காலில் சப்பாத்து போடு. கார். காதில் ஹெட்போன். மேளம். மேடை. அக்கா பக்கத்தில் மாப்பிள்ளை. அரிசி. சாப்பாடு.

வாரத்தில் மூன்று நாள் எங்கள் மாடியில் கல்யாணம் நடந்தது. கைப்பேசியில் உறுமி மேளம் போட்டு, முதல் நாள் கொசு சத்தத்துக்கு வைத்தோம். ஒவ்வொரு நாளும் ஒரு புள்ளி கூட்டினோம். கீழ்க்கடையில் கண் தெரியாதவர்கள் நடத்தும் உடம்பு பிடித்துவிடும் மசாஜ் நிலையம். அங்கே வேலை செய்யும் அண்ணன் ஒருவர் மூன்றாம் வாரம் படியேறி வந்தார்.

“ஏன்யா, வாரம் மூணு கல்யாணம் நடக்குது. ஒரு நாளாச்சும் சாப்பாடு போட்டீங்களா லா?”

அன்றைக்கு அவருக்குப் பாயசம் கொடுத்தோம். அடுத்த ஒத்திகைக்கு நான்கு பேர் வந்தார்கள். மிஸ் அவர்களை விருந்தினர் வரிசையில் உட்கார வைத்தார். “கூட்டம் இல்லாமல் என்ன கலியாணம்?” தர்ஷினி அவர்கள் ஒவ்வொருவரையும் எண்ணினாள்.

மணப்பெண்ணுக்குக் குறைவில்லை. நிஷாவுக்குப் பங்சாரில் ஒரு அலுவலகத்தில் வேலை. மதிய நேரத்தில் அலுவலக உடையோடு ஓடி வந்து, மாலை போட்டு, பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு, மாலையைக் கழற்றி, மறுபடி ஓடுவாள். ஒருநாள் நெற்றிச்சுட்டியைக் கழற்ற மறந்து அப்படியே அலுவலகக் கூட்டத்தில் போய் உட்கார்ந்தாளாம். மாப்பிள்ளை பிரகாஷ்தான் பிரச்சினை. அவருக்கு ஜோகூரில் வேலை, விடுப்பு கிடையாது.

“கணேசன், நீர் இரும்” என்றார் மிஸ்.

“மிஸ், எனக்கு ஐம்பத்தெட்டு.”

“கலியாணம் கட்டச் சொல்லேல்லை. இருக்கத்தான் சொன்னனான்.”

இருந்தேன். கழுத்தில் காகிதப்பூ மாலை, தலையில் ஆண்டு விழா நாடகத்து ராஜா தலைப்பாகை. நிஷாவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி. மிஸ் அளவுகோல் வைத்து அளந்தார். தாலி கட்டும் கட்டத்தில் எதையும் கட்டவில்லை. மிஸ் “கெட்டிமேளம்” என்று அறிவித்துக் கைதட்டுவார், தர்ஷினி அரிசி போடுவாள். நன்றாகப் போடுவாள். என் காதுக்குள்ளிருந்து வீட்டில் அரிசி விழும். “எங்கேருந்துங்க இது?” என்று சாந்தி கேட்பாள். வேலை என்பேன். ஏன் முழுதாகச் சொல்லவில்லை என்றால், தலைப்பாகையைப் பற்றி எப்படிச் சொல்வது?

அட்டைகளுக்குப் படம் எடுத்தது நான்காவது வாரம். மிஸ் ஒவ்வொரு அட்டையையும் சிவப்புப் பேனாவோடு சோதித்தார். முதல் அட்டையைத் திருப்பி அனுப்பினார். “பிள்ளையின்ட சப்பாத்தில் கயிறு இல்லை, ஒட்டும் பட்டைதான். படத்தில் கயிறு இருக்கு. பிள்ளை கயிறைத் தேடும்.” அது நியாயம். வேறு படம் எடுத்தேன். மேடைப் படியில் மூன்று படிதான் தெரிகிறது, மண்டபத்தில் நான்கு என்றார். கிள்ளானுக்கே போய் எடுத்து வந்தேன். சாப்பாட்டு அட்டையில் அப்பளம் உடைந்திருக்கிறது என்றார். முழு அப்பளம் பொரித்தோம்.

ஆறாவது அட்டையில் நிஷா. பக்கத்தில் தலைப்பாகையோடு நான். கீழே கொட்டை எழுத்தில் “மாப்பிள்ளை”.

மிஸ் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “நல்ல தெளிவு” என்றார். நான் லேமினேட் செய்தேன். ஓரத்தை நேராக வெட்டினேன். சப்பாத்துக் கயிற்றைப் பார்த்த கண், அப்பளத்தைப் பார்த்த கண், மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. நிஷா பார்க்கவில்லை. விமலா பார்க்கவில்லை. ஒத்திகையில் ஊறிப்போன எங்கள் எல்லோருக்கும் மாப்பிள்ளை என்றால் நான்தான் என்று ஆகிவிட்டிருந்தது. கீழ்க்கடை அண்ணன்கள்கூட என் குரல் கேட்டால் “என்ன மாப்பிள்ளை” என்றுதான் கூப்பிட்டார்கள்.

கல்யாண நாளில் ஐந்து அட்டைவரை ஒரு குறையும் இல்லை. சப்பாத்து, முடிஞ்சது. கார், முடிஞ்சது. ஹெட்போனை அவளே எடுத்து மாட்டிக்கொண்டாள். வாசலில் உண்மையான உறுமி மேளம் அதிர்ந்தது. விமலா கண்ணை இறுக மூடிக்கொண்டார். தர்ஷினி மேளக்காரர்களின் முன்னால் போய் நின்று, ஐந்து பேர் என்று எண்ணி, அட்டையைப் பிய்த்துப் பையில் போட்டாள். “முடிஞ்சது.” மேளக்காரர் ஒருவர் அதைக் கட்டளை என்று நினைத்து நிறுத்தியேவிட்டார்.

தூரத்தில் நின்று ரத்தினம் இதைப் பார்த்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

மிஸ் முன்வரிசையில். நானும் சாந்தியும் மூன்றாம் வரிசையில். என் கையில் சிரப். வேலை முடிந்தது என்ற நிம்மதியில் அரைக் குவளை இறங்கியிருந்தது.

தர்ஷினி நான்கு படி ஏறினாள். மேடை அட்டையைப் பையில் போட்டாள். ஆறாவது அட்டையைப் பார்த்தாள். மணவறையைப் பார்த்தாள். அக்கா இருந்தாள். பக்கத்தில் பிரகாஷ், நல்ல உயரம், தொந்தி இல்லை.

“தப்பு” என்றாள்.

விமலா ஏதோ மெல்லச் சொன்னார். தர்ஷினி நகரவில்லை. மணவறைக்கும் ஐயருக்கும் நடுவில் நின்றுகொண்டு, அழாமல், கத்தாமல், அட்டையை உயர்த்திக் காட்டினாள். “மாப்பிள்ளை தப்பு.” பிறகு திரும்பி, கூட்டத்தை வரிசை வரிசையாகத் தேடி, என்னைக் கண்டுபிடித்து விரலை நீட்டினாள். “மாப்பிள்ளை.”

ரத்தினம் விரைந்து வந்து குனிந்து கேட்டார். அவள் மறுபடி என்னைக் காட்டினாள். அப்போதுதான் மைக்கில் அவர் சொன்னார், நான் முதலில் எழுதியதை.

மண்டபமே என் பக்கம் திரும்பியது. பிறகு சிரிப்பு. கைப்பேசிகள் ஒவ்வொன்றாக உயரத் தொடங்கின. மணமகன் வீட்டுப் பெரியவர் ஒருவர் எழுந்து நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார். ஐயர் கைக்கடிகாரத்தைத் தட்டி, “முகூர்த்தம் முடிய இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கு, சீக்கிரம்” என்றார். பேசிய பேச்சு பேச்சுதான். விமலா மகளின் தோளைத் தொட்டுவிட்டு மாடிப்படிப் பக்கம் முன்னால் நடந்தார்; தர்ஷினி நின்ற இடத்திலேயே நின்றாள்.

மிஸ் குடையை ஊன்றிக்கொண்டு மேடை ஏறியதை நான் பார்த்தேன். பின்னாலேயே நானும் ஓடினேன், சிரப்போடு.

“மிஸ்டர் ரத்தினம், பிள்ளையில் பிழை இல்லை” என்றார் மிஸ். “பிழை எங்கட. நான்தான் சரி பார்த்தனான். இந்தப் படத்தை ஒருக்காப் பாருங்கோ.”

ரத்தினம் அட்டையை வாங்கினார். அட்டையைப் பார்த்தார். தலைப்பாகை இல்லாத என்னைப் பார்த்தார். பிரகாஷைப் பார்த்தார். மறுபடி அட்டை. அவர் முகம் சிவந்தது. மேல ரூமு என்று இப்போது சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

“டெலிவரி ஆர்டர்ல ஒரு சாமான்” என்றார், யாரிடமும் இல்லாமல். “லோரில வேற சாமான்.” மைக் இன்னும் உயிரோடுதான் இருந்தது. “இப்படி வந்தா நான் சைன் பண்ணுவேனா? முப்பது வருஷமா ஒரு கிளார்க்குக்கும் நான் இத சொல்லிக் குடுக்க முடியல. இந்தப் பிள்ளை கரெக்டா புடிச்சி நிறுத்துது. இத ரூமுக்கு அனுப்பணுமா?”

பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். “போன் தூக்கினவங்க எல்லாம் கீழ வைங்க. தூக்கின கைக்கு இன்னிக்கு சாப்பாடு கிடையாது. சமையல்காரன் என் ஆளு, ஞாபகம் இருக்கட்டும்.”

கைகள் இறங்கின. கல்யாணச் சாப்பாடு என்றால் நம் ஆட்கள் எதையும் கீழே வைப்பார்கள்.

“மாப்பிள்ளை தம்பி, ரெண்டு நிமிஷம் எந்திரிங்க” என்றார் ரத்தினம். பிரகாஷ் எழுந்தார், நல்ல பையன், சிரித்துக்கொண்டே எழுந்தார். ரத்தினம் அவர் தலையிலிருந்த தலைப்பாகையை எடுத்து என் தலையில் வைத்தார். மாலையை என் கழுத்தில் போட்டார். சிரப் குவளையைப் பிடுங்கி ஐயரிடம் கொடுத்தார். “பாஸ், உட்காருங்க.”

“அபசகுனம்…” என்று ஐயர் ஆரம்பித்தார்.

“ஐயரே, சாமானத் திருப்பி அனுப்புறோம். ஒண்ணும் ஆகாது” என்றார் ரத்தினம்.

நான் உட்கார்ந்தேன், பழக்கத்தில் ஒரு முழம் தள்ளி. நிஷா சிரிப்பை அடக்க முடியாமல் மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கூட்டத்தில் சாந்தியைத் தேடினேன். அவள் மணமகன் வீட்டுப் பக்கம் போய் உட்கார்ந்திருந்தாள்.

ரத்தினம் பட்டு வேட்டியை மடித்துக்கொண்டு தர்ஷினியின் உயரத்துக்குக் குந்தி, அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். “இப்ப சரியா பாரும்மா.”

அவள் அட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தலைப்பாகையின் கோணம் சரியில்லை என்று வந்து திருத்தினாள். பிறகு அட்டையைப் பையில் போட்டாள்.

“முடிஞ்சது.”

என் வாழ்க்கையின் இரண்டாம் திருமணம் ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் நீடித்தது. எழுந்தேன். பிரகாஷ் உட்கார்ந்தார். தர்ஷினி அதை எதிர்க்கவில்லை. அந்த அட்டைதான் முடிந்துவிட்டதே! அதற்குப் பிறகு அங்கே யார் உட்கார்ந்தால் அவளுக்கென்ன?

விமலா இன்னும் மாடிப்படிக்குப் பக்கத்தில் நின்றார். ரத்தினம் அவரைக் கையசைத்து மணவறைக்கு அழைத்தார். பிறகு தர்ஷினியிடம், “அடுத்தது என்னா?” என்று கேட்டார். அவள் ஏழாவது அட்டையைக் காட்டினாள்: அரிசி ஏந்திய இரண்டு கைகள்.

அவர் எழுந்து மைக்கை வாய்க்கு நேராகப் பிடித்தார், இந்தத் தடவை தெரிந்தே. “எல்லாரும் அரிசி எடுத்துக்குங்க. தாலி கட்டினதும் அவசரப்பட்டு யாரும் போட வேணாம். தர்ஷினி சொன்னதுக்கு அப்புறம்தான்.”

கெட்டிமேளம் கொட்டியது. பிரகாஷ் தாலி கட்டினார். மண்டபம் முழுக்க மூடிய கைகளோடு எழுந்து நின்று காத்திருந்தது. விமலா இரண்டு கையிலும் அரிசி வைத்திருந்தார். தர்ஷினி அக்காவின் கழுத்தைப் பார்த்தாள். முடிச்சுகளை எண்ணினாள்: ஒன்று, இரண்டு, மூன்று. அவசரமே இல்லை அவளுக்கு. ரத்தினம் கையை ஓங்கியபடியே குனிந்து அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் தலையாட்டினாள். அதன் பிறகுதான் அவர் தம் கையிலிருந்த அரிசியைப் போட்டார்.